பதினொரு பேரும் என் கையெழுத்தும்

ஜூலை 1, திங்கள்

பிரஷர் 150/90. தினமும் பார்த்துத் தேதி போட்டு எழுதி வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இருபத்தாறு வருடம் கரும்பலகையில் எழுதிய கை இது. வெறும் எண்ணை எழுதிவிட்டு நோட்டை மூட மனசு வரவில்லை. நாலு வரி சேர்த்து எழுதுகிறேன். டாக்டர் எண்ணை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

மாதப் பிறப்பு என்பதால் சுவர்ப் பத்திரிகைப் பிள்ளைகள் வந்தார்கள். எங்கள் பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் சுவர்ப் பத்திரிகைக்கு ‘மூன்றாம் பீரியட்’ என்று பெயர். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, மூன்றாம் பீரியட் முடிந்த இடைவேளையில், சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் ஒட்டுவார்கள். சமூக அறிவியல் ஆசிரியை என்பதால் நான் பொறுப்பாசிரியர். ஆசிரியர் ரிஸ்வானா, பிளஸ் ஒன். அவள் சொல்வதை முத்து முத்தாக எழுதுபவள் அதே வகுப்பு பவதாரணி.

நாலு வெள்ளைச் சார்ட்டுகளை நீட்டினார்கள். நாலிலும் கீழே வலது மூலையில் ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தேன். முன்பெல்லாம் எழுதி முடித்துத்தான் கொண்டுவருவார்கள். அதுவும் சரியாக நான் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது. ஒருமுறை ரசம் கொட்டி ஒரு சார்ட்டே பாழாய்ப் போனது. அன்றைக்கே ஏற்பாட்டை மாற்றிவிட்டேன். முதலில் கையெழுத்து, பிறகு எழுத்து. மழைநீர் சேகரிப்பு, விளையாட்டு விழா, விடுகதை. இதில் பார்வையிட என்ன இருக்கிறது.

ஜூலை 3, புதன்

பிரஷர் 150/90. பஸ் ஸ்டாப்பிலிருந்து மேலத்தெரு சுற்றி நடந்து வருவதால் கால் வலி. நகராட்சி நேர் தெருவைத் தோண்டிப் போட்டிருக்கிறது என்று இவரிடம் புலம்பினேன்.

“மூடி ரெண்டு வாரம் ஆச்சே” என்றார்.

நடப்பது உடம்புக்கு நல்லது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

ஜூலை 5, வெள்ளி

பிரஷர் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிகிறது.

இடைவேளையில் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் ஒரே கூட்டம். விடுகதைக்கு இவ்வளவு கூட்டம் கூடாதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கணக்கு டீச்சர் செண்பகம் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

“டீச்சர், உங்க பேப்பரப் பாத்தீங்களா?”

“ஏன், என்ன போட்ருக்குதுக?”

“பாத்துட்டுத்தான கையெழுத்துப் போட்ருக்கீங்க?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். ஸ்டாஃப் ரூமில் என் ஏற்பாடு எல்லோருக்கும் தெரியும்.

கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். இரண்டாம் தாளில் சிவப்பு மையில் தலைப்பு: ‘பதினொரு பேர் எங்கே?’ போன ஜனவரியில் எடுத்த ஒன்பதாம் வகுப்பு குரூப் போட்டோக்களில் தலைகளை எண்ணியிருக்கிறார்கள். தொண்ணூற்று நாலு. இந்த ஜூனில் பிரேயரில் நின்ற பத்தாம் வகுப்பு வரிசையை எண்ணியிருக்கிறார்கள். எண்பத்து மூன்று. குறைந்த பதினொரு பேரில் ஏழு பேரின் வீட்டுக்குச் சைக்கிளில் போய் விசாரித்து எழுதியிருக்கிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு வரவில்லை என்பதால் அதற்கு மேல் படிக்க முடியவில்லை.

சாயங்காலம் மணி அடிக்கும் முன்பே எச்.எம். பெட்டியைத் திறந்து நாலு தாளையும் எடுத்துப் போய்விட்டார்.

ஜூலை 6, சனி

பிரஷர் 160/100. இட்லிக்கு அரைத்தேன். பருப்பு டப்பாவையெல்லாம் வெயிலில் வைத்தேன். திரைச்சீலை துவைத்தேன். துவைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றார் இவர்.

பெற்றோர் விருப்பப்பட்டு டி.சி. வாங்கிப் போனால் அதற்குப் பள்ளிக்கூடம் என்ன செய்யும்? பதினொரு விண்ணப்பமும் ஆபீசில் பத்திரமாக இருக்கிறது. பதினொன்றிலும் ‘குடும்பச் சூழ்நிலை’ என்றுதான் எழுதியிருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஆறு வருடமாக நூற்றுக்கு நூறு தேர்ச்சி வாங்குகிறோம் என்றால் சும்மாவா வருகிறது? என் 9-பி வகுப்பிலிருந்தே நாலு பேர் போனார்கள். அதில் அழகுமீனா என்ற பெண்ணுக்குக் கணக்கு ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. இங்கே இருந்து தோற்பதற்கு ஒரு கைத்தொழில் கற்றுக்கொள்வது எவ்வளவோ மேல்.

இந்தப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும்.

ஜூலை 8, திங்கள்

பிரஷர் 160/100.

எச்.எம். வசுமதி மேடம் கூப்பிட்டனுப்பினார். அடுத்த மே மாதம் அவர் ஓய்வு பெறுகிறார். சீனியாரிட்டியில் அடுத்தது நான். இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை, ஆனால் அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் அந்த நாற்காலியைத்தான் பார்க்கிறேன்.

“உக்காருங்க டீச்சர். காபி சொல்லவா?”

“வேண்டாம் மேடம்.”

“யாரோ போட்டோ எடுத்துத் தாளாளருக்கு அனுப்பிட்டாங்க. ஸ்கூலையே நாறடிச்சுட்டாங்கன்னு கொதிக்கிறாரு. அந்த ரெண்டு பிள்ளைகளுக்கும் டி.சி. குடுக்கச் சொல்றாரு.” குரலை உயர்த்தாமல், சொந்தத் தங்கையிடம் பேசுவது மாதிரிதான் சொன்னார். “நீங்க வெள்ளத் தாள்லதான் கையெழுத்துப் போடுவீங்கன்னு எனக்குத் தெரியும். அதையே எழுதிக் குடுத்துருங்க. பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். உள்ளத உள்ளபடி எழுதுங்க, போதும்.”

“எழுதிக் குடுத்தா?”

“உங்களுக்குப் பேருக்கு ஒரு மெமோ. கவனக்குறைவுன்னு போட்டு ஃபைல்ல வச்சுக்கிடுவேன். பிள்ளைக உங்கள ஏமாத்தி உங்க கையெழுத்த வச்சு என்னத்தையோ எழுதிருச்சுகன்னு முடிஞ்சிரும்.”

“எழுதலைன்னா?”

“எழுதலைன்னா நீங்க தெரிஞ்சேதான் போட்டீங்கன்னு ஆகும். அடுத்த மே...” என்று ஆரம்பித்து மேடம் வாக்கியத்தை முடிக்காமல் மேஜைமேல் இருந்த ஃபைலை நேராக வைத்தார். “செவ்வாய்க்கிழம, பதினாறாம் தேதி, தாளாளர் வர்றாரு. பிள்ளைகளோட அப்பா அம்மாவையும் வரச் சொல்லியிருக்கு. அதுக்கு முந்தின நாள் குடுத்தாப் போதும்.”

உள்ளதை உள்ளபடி எழுதினால் தப்பித்துக்கொள்ளலாம் என்பது எவ்வளவு வசதி.

ஜூலை 9, செவ்வாய்

பிரஷர் 155/95. கத்தரிக்காய் புளிக்குழம்பு. உப்புப் போட மறந்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

பிரஷர் 155/95.

கல்லூரியில் என்கூடப் படித்த ஜெபராணி மதுரையில் வக்கீல். போன் பண்ணினேன். பொதுவாகத்தான் கேட்டேன், ஒரு சிநேகிதிக்காகக் கேட்பதுபோல. அவள் வக்கீல் அல்லவா, இரண்டாவது கேள்வியிலேயே பிடித்துவிட்டாள்.

“சிநேகிதிக்கு எந்த ஊரு, அருப்புக்கோட்டையா?” என்றாள்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் அல்ல, சார்ட்டு விஷயம் வரைக்கும்.

“பள்ளிக்கூடப் பத்திரிகைக்குன்னு நம்மகிட்ட தனிச் சட்டம் எதுவும் கிடையாது தமயந்தி. அரசியல் சட்டத்துல பேச்சுரிமை இருக்கு. குடிமக்கள் எல்லாருக்கும்னு இருக்கு, வயசு போடல.”

“அப்ப அது போதும்ல?”

“கோர்ட்டுக்குப் போனா வாதாடலாம். தீர்ப்பு வர்றதுக்குள்ள பிள்ளைக காலேஜ் முடிச்சிருக்கும். எட்டாவது வரைக்கும் எந்தப் பிள்ளையையும் வெளிய அனுப்பக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. அதுக்கு மேல அது எட்டாது.”

அதனால்தான் ஒன்பதாம் வகுப்பு முடிகிற சமயம் பார்த்து டி.சி. எழுதப்படுகிறது என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

“உங்க ஸ்கூல்லயே ஏதாவது விதி எழுதி வச்சிருக்கான்னு பாரு” என்றாள். “அவங்க விதிய அவங்களே மீறினா நான் கெட்டியாப் பிடிச்சுக்கிடுவேன். ஆனா ஒண்ணு. பிள்ளைக உன்ன ஏமாத்துச்சுகன்னு மட்டும் எழுதிக் குடுத்துட்டன்னா அப்புறம் எந்த விதியும் அதுகளுக்கு ஒதவாது.”

ஜூலை 11, வியாழன்

பிரஷர் 150/95.

மத்தியானம் ரிஸ்வானாவை மேப் ரூமுக்குக் கூப்பிட்டேன். திட்டத்தான் கூப்பிட்டேன்.

“என்ட்ட ஒரு வார்த்த காட்டணும்னு தோணலையா?”

“நீங்க எப்பவும் பாக்க மாட்டீங்களே டீச்சர்.” துடுக்காகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள்.

“அதுக்காக? என் கையெழுத்து இருக்குல்ல அதுல?”

“இருக்கு டீச்சர். அதத்தான் ரெண்டு நாளாப் பேசிக்கிட்டிருந்தோம். தப்புத்தான்.” கொஞ்சம் நின்று, “அமெரிக்காவுல சில மாநிலத்துல ஸ்கூல் பத்திரிகைக்குன்னே சட்டம் இருக்கு டீச்சர். பிள்ளைக எழுதுனத நிர்வாகம் சும்மா தடுக்க முடியாது. பிள்ளைகளுக்காக நின்ன டீச்சரையும் தண்டிக்கக் கூடாது. நெட்ல பாத்தேன்” என்றாள்.

“சைக்கிள எடுத்துக்கிட்டு அங்க போயிருவமா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். பிறகு இரண்டு பேரும் சுவரில் தொங்கிய உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடு. நான் மேடத்துட்ட பேசுறேன்” என்றேன்.

“எதுல தப்பு இருக்குன்னு சொல்லுங்க டீச்சர், அத எழுதுறேன்.”

எந்த வரியில் தப்பு என்று சொல்ல நான் இன்னும் முழுசாகப் படிக்கவில்லை. அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஜூலை 12, வெள்ளி

பிரஷர் 150/90.

ரிஸ்வானாவின் அத்தா வீட்டுக்கு வந்தார். காந்தி மைதானத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“எம்புள்ள செஞ்சது தப்புன்னா கால்ல விழச் சொல்றேன் டீச்சர். நேத்துப் பூரா சொல்லிப் பாத்துட்டேன். எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு பேர்ட்ட கேட்டுத்தான் எழுதுனேன் அத்தாங்குறா. பதினோராவது நடுவுல டி.சி. குடுத்தா எந்த ஸ்கூல்ல டீச்சர் சேப்பாங்க?”

காபி கொடுத்தேன். நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 13, சனி

பிரஷர் பார்க்கவில்லை.

காலையில் ஸ்பெஷல் கிளாஸ் இருந்தது. முடிந்ததும் சமூக அறிவியல் அலமாரியைக் குடைந்தேன். கரையான் அரித்த தேர்தல் விளக்கப் படங்களுக்கு அடியில் பழைய சுற்றறிக்கை நோட்டுக் கிடைத்தது. சுவர்ப் பத்திரிகை ஆரம்பித்த வருடம், 1986. மூன்றாவது விதி இது:

‘ஒவ்வொரு தாளிலும் பொறுப்பாசிரியர் கையொப்பமிட வேண்டும். கையொப்பமிட்ட தாளில் வெளியாகும் அனைத்திற்கும் பொறுப்பாசிரியரே பொறுப்பு. அதன்பொருட்டு எந்த மாணவி மீதும் நடவடிக்கை எடுக்கலாகாது.’

கீழே அந்நாளைய தாளாளரின் கையெழுத்து. இப்போதைய தாளாளரின் அப்பா.

ஜெபராணிக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். ‘இது போதும். இனி உன் கையில்’ என்று பதில் வந்தது.

பவதாரணியிடம் கட்டுரையின் ரஃப் நோட்டு இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறார்கள். கோபமே இல்லை. யார் எந்தத் தேதியில் பள்ளியை விட்டார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், அவ்வளவுதான். மூன்றாம் பத்தி மட்டும் இப்படி இருந்தது:

‘ஒரு மாணவியின் வீட்டுக்கு ஆசிரியை ஒருவர் நேரில் வந்தார். அரை மணி நேரம் இருந்தார். காபி குடித்தார். மாணவியின் அம்மாவுக்குப் பெயர் மட்டுமே எழுதத் தெரியும் என்பதால் டி.சி. கேட்கும் விண்ணப்பத்தை ஆசிரியையே எழுதிக் கொடுத்தார். அம்மா அதில் பெயரை எழுதினார். அந்த ஆசிரியையின் மேல் தனக்குக் கோபம் இல்லை என்று மாணவி எங்களிடம் சொன்னாள்.’

நோட்டை மூடிவிட்டேன். இன்றைக்கு இது போதும்.

ஜூலை 14, ஞாயிறு

இந்த நோட்டில் ஒரு திருத்தம்.

ஆறாம் தேதி, அழகுமீனாவுக்குக் கணக்கு ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது என்று எழுதியிருக்கிறேன். பொய். காலாண்டில் பதினான்கு. அரையாண்டில் இருபத்தொன்று. முழு ஆண்டில் முப்பத்திரண்டு. முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. ரேங்க் கார்டு எழுதியது நான்தான். மறக்கிற எண் இல்லை.

இன்னொன்று. நேர் தெரு ஒழுங்காகத்தான் இருக்கிறது. அந்தத் தெருவில் ஒரு லேடீஸ் டெய்லர் கடை இருக்கிறது. அழகுமீனா அங்கே உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஊக்குத் தைக்கிறாள். என்னைப் பார்த்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்கிறாள். அதனால்தான் மேலத்தெரு சுற்றி வருகிறேன்.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மேடம் நாலு பெயர் கொடுத்து, “உங்க வகுப்பு, நீங்களே பக்குவமாப் பேசிருங்க. அடுத்து இந்த ஸ்கூல நடத்தப் போறவங்க நீங்கதான?” என்றார். பக்குவமாகப் பேசினேன்.

பிரஷர் 170/100.

ஜூலை 15, திங்கள்

பிரஷர் 140/90. ஆச்சரியம்தான். டாக்டர் இதை நம்ப மாட்டார்.

மேடத்திடம் கடிதம் கொடுத்துவிட்டேன். நகலை இங்கே எழுதி வைக்கிறேன், நாளைக்கு நானே மாற்றிச் சொல்லாமல் இருக்க.

‘ஜூலை 1 அன்று நாலு சார்ட்டுகளிலும் எதுவும் எழுதப்படும் முன்பே கையெழுத்திட்டேன். இது நான் ஏற்படுத்திய பழக்கம். மாணவிகள் என்னை ஏமாற்றவில்லை. நான் சொன்னபடி செய்தார்கள். படிக்காதது என் குற்றம். ஜூலை 13 அன்று அந்தக் கட்டுரையை வரிக்கு வரி படித்தேன். எனக்குத் தெரிந்தவரை அதில் உள்ளது உண்மை. 1986ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை விதி 3இன்படி அந்தத் தாளுக்கு நான் மட்டுமே பொறுப்பு. இன்றைய தேதியிட்டு மீண்டும் கையெழுத்திடுகிறேன். மூன்றாம் பத்தியில் வரும் ஆசிரியை நான்.’

மேடம் இரண்டு தரம் படித்தார்.

“கடைசி வரி எதுக்கு டீச்சர்? யாரும் கேக்கலையே.”

“பிள்ளைக எழுதுனது உண்மைன்னு எனக்கு எப்படித் தெரியும்னு கேப்பீங்கள்ல மேடம்.”

“இன்னும் நேரம் இருக்கு. வீட்ல பேசிட்டு வேற எழுதிட்டு வாங்க.”

“பேசிட்டுத்தான் வந்தேன்” என்றேன். பேசவில்லை. சாயங்காலம்தான் இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “நீ எச்.எம். ஆயிட்டா வீட்டுலயும் பிரேயர் வைப்பியோன்னு பயந்துக்கிட்டிருந்தேன். தப்பிச்சேன்” என்றார். பிறகு அவரே போய் எனக்கும் சேர்த்துத் தோசை ஊற்றினார். அழுகை வந்துவிட்டது.

ஜூலை 16, செவ்வாய்

தாளாளர் பத்தரைக்கு வந்தார். எதிரே ரிஸ்வானாவின் அத்தா, பவதாரணியின் அம்மா, இரண்டு பெண்கள். நான் சுவரோரம். தாளாளர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. என் கடிதத்தையும் சுற்றறிக்கை நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். தன் அப்பாவின் கையெழுத்துக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நோட்டைக் கிட்டே பிடித்துப் பார்த்தார்.

“இது அப்பா போட்டதுதான்” என்றார் மேடத்திடம். பிறகு என்னைப் பார்த்து, “இத எங்க இருந்து தோண்டி எடுத்தீங்க?”

“அலமாரியில இருந்துச்சுங்க சார்.”

“நம்ம ஸ்கூல் பேரக் கெடுக்குறதுக்குன்னே தேடினீங்களா?”

“இல்லங்க சார். பிள்ளைக பேரக் கெடுக்காம இருக்கத் தேடினேன்.”

ரிஸ்வானா என்னைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளாளர் யாரிடமோ போனில் பேச வெளியே போனார். பத்து நிமிடம் கழித்து வந்து, “பிள்ளைகளக் கிளாசுக்குப் போகச் சொல்லுங்க” என்றார். என்னை இருக்கச் சொன்னார். சொன்னது அதிகமில்லை. குற்றச்சாட்டு மெமோ வரும். பொறுப்பாசிரியர் பதவி இல்லை. அடுத்த மே பற்றி நிர்வாகம் ‘யோசிக்கும்’.

நாலாம் பீரியட் 8-ஏ, காடுகளின் வகைகள் நடத்தினேன்.

ஜூலை 19, வெள்ளி

பிரஷர் 140/90. மெமோ வந்துவிட்டது. இரண்டு பக்கம். பதில் தர பதினைந்து நாள். ஜெபராணி, “ஒண்ணும் எழுதிராத, எனக்கு அனுப்பு” என்றாள்.

கண்ணாடிப் பெட்டியில் இப்போது சாலைப் பாதுகாப்பு வாசகங்கள் ஒட்டியிருக்கிறார்கள். பெட்டிச் சாவி மேடத்திடம். ஸ்டாஃப் ரூமில் செண்பகம் டீச்சர் மட்டும் பழையபடி பேசுகிறார். மற்றவர்கள் நான் போனால் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசுகிறார்கள்.

பதினொரு பேரில் இரண்டு பேரின் பெற்றோர் வந்து மறுபடி சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார்களாம். சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜூலை 24, புதன்

பஸ் ஸ்டாப்பிலிருந்து நேர் தெரு வழியாக வந்தேன்.

கடையில் அழகுமீனா தனியாகத்தான் இருந்தாள். எழுந்து நின்றாள். மடியிலிருந்த ஊக்கு டப்பா கீழே விழுந்து சிதறியது.

“வாங்க டீச்சர். ஜாக்கெட் தைக்கணுமா?”

குனிந்து அவளோடு சேர்ந்து ஊக்குகளைப் பொறுக்கினேன்.

“ஸ்கூல்ல மறுபடி சேந்துக்கிறியா? ரெண்டு பேரு வந்துட்டாங்க. நான் எழுதித் தாரேன்.”

“வேண்டாம் டீச்சர்.”

“ஏன்டி?”

“ஃபெயிலாயிருவேன்.”

“யாரு சொன்னா?”

அவள் கையிலிருந்த ஊக்கைப் பார்த்தாள். “நீங்கதான டீச்சர் சொன்னீங்க அம்மாட்ட” என்றாள். குறை சொல்லும் குரலே இல்லை. பாடத்தில் படித்ததை ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு நான் சும்மா சொன்னேன், நீ நன்றாகப் படிப்பாய் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டிக்கொண்டாள். ஒரு வார்த்தையைக்கூட அவள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? ஆளில்லாத கடையில் ரகசியமாகச் சொன்னதுதானே. முதலில் சொன்னதை அம்மா, பக்கத்து வீட்டு அக்கா, எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பிரஷர் 140/85.

மூன்றாம் பீரியட் முடிந்து மேப் ரூமில் உட்கார்ந்திருந்தேன். ரிஸ்வானாவும் பவதாரணியும் வந்தார்கள். பழக்க தோஷம், கை தானாகப் பேனாவை எடுத்தது.

“கையெழுத்து வேண்டாம் டீச்சர்” என்றாள் ரிஸ்வானா. “நீங்க இப்ப பொறுப்பாசிரியர் இல்லல்ல.”

பெட்டி இல்லாததால் பத்திரிகையை இனி நாற்பது பக்க நோட்டில் எழுதி, கைக்குக் கை மாற்றிப் படிக்கப் போகிறார்களாம். ஒருவர் படித்தால் பின்பக்கம் பெயரெழுதி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கு வெளியே இருக்கிற ஒன்பது பேருக்கும் போகும். திரும்பி வந்த இரண்டு பேரே கொண்டுபோய்க் கொடுப்பார்கள்.

“பின்ன என்ட்ட என்ன வேணும்?”

“போன தடவ நாங்க ஒரு தப்புப் பண்ணிட்டோம்” என்றாள். “அந்த மூணாவது பத்தியில உங்களப் பத்தி எழுதிட்டு, உங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கல. பயந்துட்டோம். ஒருத்தரப் பத்தி எழுதுனா அவங்ககிட்டயும் கேக்கணும். இப்பக் கேக்கலாமா?”

பவதாரணி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டாள். நான் பேனாவை மூடி மேஜையில் வைத்தேன். வாழ்நாளில் எவ்வளவோ பிள்ளைகளை எழுந்து நின்று பதில் சொல்ல வைத்திருக்கிறேன். உட்கார்ந்து பதில் சொல்வதே இவ்வளவு சிரமமாக இருக்கிறது.

“கேளு.”

“அழகுமீனா அம்மாகிட்ட நீங்க என்ன சொன்னீங்க டீச்சர்? அப்படியே சொல்லுங்க.”

“ ‘இவ பத்தாவது தாண்ட மாட்டா. ஒரு வருஷத்த வீணாக்காதீங்க. ஏதாவது கைத்தொழிலுக்கு அனுப்புங்க’ன்னு சொன்னேன்.”

பவதாரணி எழுதும் சத்தம் கேட்டது.

“தாண்ட மாட்டான்னு நீங்க நெனச்சீங்களா?”

“இல்ல.”

“என்ன நெனச்சீங்க?”

“முப்பத்திரண்டு எடுத்திருந்தா. ஒவ்வொரு பரிட்சையிலயும் கூட எடுத்துக்கிட்டே வந்தா. பாஸாயிருவான்னு எனக்குத் தெரியும்.”

ரிஸ்வானாவின் கண் கலங்கியிருந்தது. ஆனால் விடவில்லை.

“அப்ப ஏன் டீச்சர் சொன்னீங்க?”

“நூத்துக்கு நூறுன்னு போர்டு மாட்டணும். அடுத்த எச்.எம். நான். அதுல ஒரு பிள்ளையக்கூட நம்பிப் பரிட்சைக்கு அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்ல. அந்தப் பயத்த எடுத்து அவ தலையில வச்சுட்டு வந்துட்டேன்.”

பவதாரணி எழுதி முடித்து நிமிர்ந்தாள். ரிஸ்வானா நோட்டை வாங்கி, நான் சொன்னதை எனக்கே மெதுவாகப் படித்துக் காட்டினாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை.

“மாத்தணுமா டீச்சர்?”

“வேண்டாம்.”

“இத அழகுமீனா படிப்பா. அவங்க அம்மாவுக்கும் வாசிச்சுக் காட்டுவா.”

“தெரியும்.”

“ ‘ஒரு ஆசிரியை’ன்னே போட்டுக்கிடவா?”

“என் பேரப் போடு” என்றேன்.